பின்லாந்தை 'ஸ்காண்டிநேவிய நாடு' என்று ஆங்கிலத்தில் எழுதலாமா?

கேள்வி இதுதான். ஒருவர் தன் ஆங்கிலக் கட்டுரையில் "பின்லாந்து போன்ற ஸ்காண்டிநேவிய நாடுகளின் பள்ளிக்கூடங்கள்" என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த நண்பர், "பின்லாந்து ஸ்காண்டிநேவியாவில் சேராது, நார்டிக் என்று மாற்று" என்று திருத்திக் கொடுத்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் என்று சொல்லிவிட்டு, பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சில சமயம் சேர்ப்பதுண்டு என்று போட்டிருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

அகராதி சொல்வது ஆங்கிலத்தின் வழக்கம். நண்பர் சொல்வது அந்த நாட்டுக்காரர்களின் வழக்கம். இரண்டுமே உண்மை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட வாக்கியத்தைத் திருத்தத்தான் வேண்டும் என்பதில் நான் நண்பர் பக்கம். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் எனக்கு உடன்பாடில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றிலும் இதில் குழப்பமே கிடையாது. அவர்கள் மொழிகளில் ஸ்காண்டிநேவியா என்றால் இந்த மூன்று நாடுகள், அவ்வளவுதான். பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்துச் சொல்ல அவர்களிடம் 'நோர்டன்' என்று தனிச் சொல் இருக்கிறது. வடக்கு என்று பொருள். டென்மார்க்குக்குக் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் பரோ தீவுகளும் கிரீன்லாந்தும், பின்லாந்துக்குக் கீழ் அதேபோல் இருக்கும் ஓலந்து தீவுகளும் நோர்டனில் அடக்கம். 1952இல் இந்த நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடிப் பேச ஓர் அவை தொடங்கினார்கள். பின்லாந்து அதில் 1955இல் சேர்ந்தது. அந்த அவைக்கு ஆங்கிலத்தில் நார்டிக் கவுன்சில் என்று பெயர். பின்லாந்துக்காரர்களும் தங்கள் மொழியில் 'வடநாடுகள்' என்ற பொருள் தரும் சொல்லைத்தான் ஐந்து நாடுகளுக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் ஆங்கிலம் மட்டும் ஏன் இவ்வளவு தளர்ந்து போனது? ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் பூகோளம் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் எனக்குப் படும் பெரிய காரணம் வேறு. நோர்டன் என்பதற்கு ஈடான இடப்பெயர் ஆங்கிலத்தில் இல்லை. 'நார்டிக்' என்ற பெயரடை இருக்கிறது. ஆனால் ஓர் ஊரையோ நாட்டையோ சொல்வதுபோல் "நான் போன வருடம் அங்கே போயிருந்தேன்" என்று சொல்ல ஒரு பெயர்ச்சொல் வேண்டுமே! 'நோர்டன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் ஆராய்ச்சியாளர்களைத் தவிர யாருக்கும் புரியாது. 'தி நார்டிக் கன்ட்ரீஸ்' என்பது அரசு அறிக்கை போல ஒலிக்கிறது. சமீப காலமாக 'தி நார்டிக்ஸ்' என்று எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் வியாபார அறிக்கைகளிலும் முதலீட்டுப் பக்கங்களிலும் கிடைக்கிற சொல். ஆக, ஐந்து நாடுகளையும் ஒரே வார்த்தையில் சொல்ல நினைக்கும் சாதாரண ஆங்கிலக்காரரின் வாய்க்கு ஸ்காண்டிநேவியா என்பதுதான் வருகிறது.

ஒரு மனிதரைச் சொல்லும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. 'ஒரு ஸ்காண்டிநேவியன்' என்றால் அந்தப் பக்கத்து ஆள் என்று புரிகிறது. 'ஒரு நார்டிக்' என்று சொல்லிப் பாருங்கள், நெருடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்களை நார்டிக், ஆல்பைன், மத்தியதரைக்கடல் என்று மூன்று இனங்களாகப் பிரித்து, அவற்றில் நார்டிக் இனமே உசத்தி என்று ஒரு கூட்டம் எழுதித் தள்ளியது. அமெரிக்காவில் மேடிசன் கிராண்ட் 1916இல் வெளியிட்ட புத்தகம் அதில் பேர்போனது. 1924இல் அமெரிக்கா தென் ஐரோப்பியர்களையும் கிழக்கு ஐரோப்பியர்களையும் தடுக்கக் கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்துக்கு இந்த வாதம் பக்கபலமாக நின்றது. அப்புறம் நாஜிகளும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாடுகளுக்கு முன்னால் வரும்போது 'நார்டிக்' இன்று சுத்தமான சொல்தான். மனிதருக்கு முன்னால் வரும்போது மட்டும் தலைமுடி நிறத்தையும் கண் நிறத்தையும் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் அந்த இடத்திலும் ஸ்காண்டிநேவியன் புகுந்துகொள்கிறது.

அதற்காக ஸ்காண்டிநேவியன் என்பதில் தோற்றத்தைப் பற்றிய நினைப்பே இல்லை என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே நார்வே சென்று வளர்ந்த கம்ஷாயினி குணரட்ணம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். அவரை 'ஸ்காண்டிநேவிய அரசியல்வாதி' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் 'ஸ்காண்டிநேவியன் போலத் தெரிகிறார்' என்று ஆங்கிலத்தில் யாராவது சொன்னால் கேட்பவர் மனதில் வரும் முகம் வேறு. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என்று நான்கு நாடுகளில் பரவி வாழும் 'சாமி' என்ற பழங்குடி மக்களின் நிலையும் இப்படித்தான். குடியுரிமையில் அவர்களில் பெரும்பாலோர் ஸ்காண்டிநேவியர்கள். அப்படிச் சொல்லும் புத்தகத்திலேயே வேறொரு பக்கத்தில் 'சாமிகளும் ஸ்காண்டிநேவியர்களும்' என்று இரண்டு தரப்பாக எழுதியிருப்பார்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெயரடைக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு எல்லை இருப்பதாக நினைத்துத் தேடுவதால்தான் சண்டை வருகிறது. அதற்கு அடுத்து என்ன பெயர்ச்சொல் வருகிறது என்று பாருங்கள். அதைப் பொறுத்து நாடுகளின் பட்டியலே மாறிவிடும்.

'தீபகற்பம்' என்று வந்தால் அது பூகோளம். ஸ்காண்டிநேவியத் தீபகற்பத்தில் நார்வேயும் ஸ்வீடனும் இருக்கின்றன, பின்லாந்தின் வடமேற்கு மூலையும் சேருகிறது. டென்மார்க் அதில் இல்லவே இல்லை. அது ஜெர்மனியிலிருந்து வடக்கே நீளும் ஜட்லாந்து தீபகற்பத்திலும், கிழக்கே உள்ள தீவுகளிலும் இருக்கிறது. 'ஸ்காண்டிநேவியாவில் டென்மார்க் உண்டு, பின்லாந்து கிடையாது' என்று அழுத்தமாகச் சொல்பவர்களுக்கு வரைபடம் நேர்மாறாக இருப்பது கொஞ்சம் சங்கடம்தான். ஸ்காண்டிநேவிய மலைத்தொடரும் பின்லாந்தை ஓர் ஓரத்தில் தொடுகிறது. பின்லாந்தின் மிக உயரமான இடம் 1,324 மீட்டர். அது ஹால்டி என்ற மலையின் சரிவு, உச்சி எல்லைக்கு அந்தப் பக்கம் நார்வேயில் இருக்கிறது. 2017இல் பின்லாந்து சுதந்திரம் பெற்று நூறு ஆண்டு நிறைவதை ஒட்டி, எல்லையைச் சற்று நகர்த்தி அங்குள்ள ஒரு சிகரத்தைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடலாம் என்று நார்வேயிலேயே சிலர் பிரசாரம் செய்தார்கள். நாட்டைப் பிரித்துக் கொடுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று நார்வே அரசு மறுத்துவிட்டது. பின்லாந்தை முழுதாகச் சேர்த்துச் சொல்ல நிலவியலாளர்களுக்கு 'ஃபென்னோஸ்காண்டியா' என்று தனிச் சொல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்ஹெல்ம் ராம்சே என்ற பின்லாந்து நிலவியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. அதில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, கோலா, கரேலியா எல்லாம் உண்டு. டென்மார்க் அங்கேயும் வெளியேதான்.

'மொழிகள்' என்று வந்தால் பட்டியல் மறுபடி மாறும். மொழியியலில் ஸ்காண்டிநேவிய மொழிகள் என்றால் ஜெர்மானிய மொழிக்குடும்பத்தின் வடக்குக் கிளை. டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வேஜியன் மட்டுமல்ல, ஐஸ்லாந்து மொழியும் பரோ மொழியும் அதில் அடக்கம். பின்லாந்தின் மொழி இதற்குச் சம்பந்தமே இல்லாத யூராலிக் குடும்பம், எஸ்தோனிய மொழிக்கு நெருங்கிய உறவு, ஹங்கேரிய மொழிக்குத் தூரத்து உறவு. சாமி மொழிகளும் அந்தக் குடும்பம்தான். ஆகவே 'ஸ்காண்டிநேவிய மொழிகளில் ஒன்றான பின்னிஷ்' என்று எழுதினால் அது எந்த வழக்கத்தின்படியும் பிழை. ஆனால் பின்லாந்தில் ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் இருக்கிறார்கள். ஸ்வீடிஷ் அங்கே ஆட்சிமொழியும்கூட. 'ஸ்காண்டிநேவிய மொழி பேசும் பின்லாந்துக்காரர்' என்பது ஆகவே முரண் அல்ல.

இதில் இன்னொரு சுவையான சங்கதி உண்டு. டென்மார்க்காரரும் நார்வேக்காரரும் ஸ்வீடன்காரரும் கூடிப் பேசும்போது ஆளுக்கு ஆள் தங்கள் மொழியைச் சற்று வளைத்து, எதிராளிக்குப் புரியாத சொற்களைத் தவிர்த்து, நிதானமாகப் பேசுவார்கள். அந்தக் கலவைக்கு அவர்களே பாதி விளையாட்டாக 'ஸ்காண்டிநேவியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'உனக்கு ஸ்காண்டிநேவியன் பேசத் தெரியுமா?' என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அப்படி ஒன்று அரைகுறையாக உண்மையிலேயே இருக்கிறது.

'வரலாறு' பக்கம் போனால் இந்தச் சொல்லின் இன்னொரு பயன் தெரியும். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்தைத் தாக்கி, பிறகு அங்கேயே குடியேறிய வடநாட்டவர் எங்கிருந்து வந்தார்கள் என்று பல நேரங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. அக்கால ஆங்கிலேயர்கள் வந்தவர்கள் அத்தனை பேரையும் பொதுவாக 'டேனியர்' என்றே எழுதி வைத்தார்கள். இன்றைய வரலாற்றாசிரியர்கள் டேனியரா நார்வேக்காரரா என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் 'ஸ்காண்டிநேவியர்' என்று போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் நாம் தினமும் எழுதும் தே, தெம், ஸ்கை, எக், நைஃப், விண்டோ, லா, ஹஸ்பண்ட் எல்லாம் அவர்கள் விட்டுச்சென்றவை. 'ஸ்காண்டிநேவியக் கடன்சொற்கள்' என்று பாடநூல்களில் இவற்றைச் சொல்வார்கள். டெர்பி, கிரிம்ஸ்பி, விட்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப்பெயர்களும் அந்த வகை. அந்த 'பி' அவர்கள் மொழியில் குடியிருப்பைக் குறிக்கும் சொல்.

பெயரே எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். ரோமானிய எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டில் வடக்கே கடலுக்குள் ஒரு பெரிய தீவு இருப்பதாகச் சொல்லி இதையொத்த பெயரைக் கொடுக்கிறார். அது தீவு அல்ல என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்வீடனின் தென்முனையிலுள்ள ஸ்கோனே மாவட்டத்தின் பெயருக்கும் இதற்கும் ஒரே வேர் என்பது பொதுவான கருத்து. ஆங்கிலத்தில் அந்த மாவட்டத்தை ஸ்கேனியா என்பார்கள். அந்த ஸ்கோனே 1658 வரை டென்மார்க்கிடம் இருந்தது, ரோஸ்கில்டே உடன்படிக்கையில்தான் ஸ்வீடன் கைக்குப் போனது.

மூன்று நாடுகள் என்ற கணக்கு உறுதிப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். மூன்று நாடுகளின் கல்லூரி மாணவர்களும் எழுத்தாளர்களும் 'நாமெல்லாம் ஒரே மக்கள்' என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். ஸ்காண்டிநேவியவாதம் என்று அதற்குப் பெயர். குழந்தைக் கதைகளால் நமக்கெல்லாம் தெரிந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்கூட அந்த உற்சாகத்தில் 'நான் ஒரு ஸ்காண்டிநேவியன்' என்று கவிதை எழுதியவர். 1864இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கைத் தாக்கியபோது ஸ்வீடன்-நார்வே படை உதவிக்கு வரவில்லை. அரசியல் கனவு அத்தோடு முடிந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. 1873இல் டென்மார்க்கும் ஸ்வீடனும் ஒரே மதிப்புள்ள தங்க நாணயத்துக்கு ஒப்பந்தம் போட்டு, 1875இல் நார்வேயும் சேர்ந்து, முதல் உலகப்போர் வரை அது ஓடியது. இன்று மூன்று நாடுகளின் பணத்துக்கும் ஏறக்குறைய ஒரே பெயர் இருப்பது அந்த ஒப்பந்தத்தின் மிச்சம்.

இந்த ஏற்பாடுகளில் பின்லாந்து ஏன் இல்லை என்றால், அது அப்போது ரஷ்யாவின் கையில் இருந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஸ்வீடனின் பகுதியாக இருந்த நிலம் 1809இல் ரஷ்யப் பேரரசுக்குப் போய், 1917இல் சுதந்திரம் பெற்றது. ஸ்காண்டிநேவியா என்ற சொல்லுக்கு அரசியல் உருவம் கிடைத்த அதே காலத்தில் பின்லாந்து வேறொரு பேரரசின் வரைபடத்துக்குள் இருந்தது. மொழி வேறாக இருந்ததைவிட இந்தத் தேதிப் பொருத்தம்தான் பின்லாந்தை வெளியே நிறுத்தியது என்று நான் நினைக்கிறேன்.

விமானப் பயணிகளுக்குத் தெரிந்த ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் இந்த மூன்று நாட்டுக் கணக்கின் நேரடி வாரிசு. 1946இல் தொடங்கியபோது ஸ்வீடனுக்கு ஏழில் மூன்று பங்கு, டென்மார்க்குக்கும் நார்வேக்கும் தலா ஏழில் இரண்டு பங்கு. பின்லாந்துக்கு 1923இலிருந்தே தனி விமான நிறுவனம் இருந்தது. இங்கே 'ஸ்காண்டிநேவியன்' என்பது பெயரளவுக்குப் போட்ட சொல் அல்ல, அன்றைய பங்குதாரர் பட்டியல்.

ஆனால் மேசை நாற்காலிக்கும் கண்ணாடிக் குவளைக்கும் வந்துவிட்டால் கதை தலைகீழ். 'ஸ்காண்டிநேவியன் டிசைன்' என்ற ஆங்கிலத் தொடர் உலகம் முழுக்கப் பரவியது 1950களில். 1954 முதல் 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சென்ற ஒரு பெரிய கண்காட்சிக்குப் பெயர் 'டிசைன் இன் ஸ்காண்டிநேவியா'. அதில் பங்கெடுத்த நாடுகள் டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து. அதற்கு முன்பே 1951இல் இந்த வட்டாரக் கைவினைஞர்களுக்கென்று நியூயார்க்கில் ஏற்படுத்திய லுன்னிங் பரிசின் முதல் ஆண்டில் இருவருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர், நாற்காலிகளுக்குப் பேர்போனவர். இன்னொருவர் பின்லாந்தின் தாப்பியோ விர்க்காலா, கண்ணாடிக் கலைஞர். கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோவை விட்டுவிட்டு ஸ்காண்டிநேவிய டிசைன் பற்றி யாராலும் எழுத முடியாது. அவரும் பின்லாந்துக்காரர். ஆக, இந்தத் தொடரைப் பொறுத்தவரை பின்லாந்து பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல, ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. அதில் பின்லாந்துக்கு ஓர் அரசியல் வசதியும் இருந்தது. போரில் சோவியத் ஒன்றியத்திடம் நிலம் இழந்து, 1948இல் அதனுடன் நட்பு உடன்படிக்கையும் போட்டிருந்த நாடு அது. 'நாங்கள் மாஸ்கோ பக்கத்து ஆட்கள் அல்ல, ஸ்டாக்ஹோம் பக்கத்து ஆட்கள்' என்று மேற்குலகுக்குச் சத்தமில்லாமல் சொல்ல ஒரு குவளையும் நாற்காலியும் நல்ல வழி. டிசைன் விஷயத்தில் 'பின்லாந்து ஸ்காண்டிநேவியா இல்லை' என்று திருத்த வருபவர்களிடம் இதைச் சொல்லலாம்.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த மூன்று நாடுகளிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போய், மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் ஏராளமாகக் குடியேறினார்கள். சொந்த ஊரில் நார்வேக்காரர், ஸ்வீடன்காரர் என்று தனித்தனியாக இருந்தவர்கள், புது நாட்டில் அக்கம்பக்கத்தாருக்கு மொத்தமாக ஸ்காண்டிநேவியர்கள் ஆனார்கள். பின்லாந்திலிருந்து வந்தவர்களுக்கு அந்த இடம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. 1908இல் மினசோட்டாவில் ஜான் ஸ்வான் என்ற பின்லாந்துத் தொழிலாளி குடியுரிமை கேட்டபோது, அவர் மங்கோலிய இனம், வெள்ளையர் அல்ல என்று அரசுத் தரப்பு வாதாடியது. நீதிபதி அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். பின்லாந்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். இன்று நியூயார்க் பார்க் அவென்யூவில் ஒரு கலாசார மையம் இருக்கிறது. அதன் பெயர் 'ஸ்காண்டிநேவியா ஹவுஸ்: தி நார்டிக் சென்டர் இன் அமெரிக்கா'. ஐந்து நாடுகளுக்கும் பொதுவான அந்த மையம் இரண்டு சொற்களையும் பலகையில் போட்டு வம்பையே முடித்துவிட்டது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காண்டிநேவியத் துறை இன்னும் தாராளம், பின்னிஷ் மட்டுமல்ல, எஸ்தோனிய, லாத்விய, லிதுவேனிய மொழிகளும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இந்தச் சொல்லை அதிகம் கேட்டது இலங்கைப் போர்நிறுத்தக் காலத்தில். 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் நார்வேயின் முயற்சியில் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்தபோது, கண்காணிப்புக் குழு நார்டிக் நாடுகளின் பிரதிநிதிகளைக் கொண்டிருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஐந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பேச்சில் பலர் அவர்களை 'ஸ்காண்டிநேவியக் கண்காணிப்பாளர்கள்' என்றே சொல்லிவந்தார்கள், அதனால் பெரிய பாதகம் ஒன்றும் இல்லை. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. உடனே புலிகள், ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து மூன்றும் போயின. மிஞ்சியவை ஒன்றியத்தில் இல்லாத நார்வேயும் ஐஸ்லாந்தும். 'ஸ்காண்டிநேவியர்கள் வெளியேறினார்கள்' என்று யாராவது எழுதியிருந்தால் அது பாதிப் பொய். 'ஸ்காண்டிநேவியர்கள் தங்கினார்கள்' என்றாலும் அப்படியே. நாட்டின் பெயரைச் சொல்லாமல் அந்தச் செய்தியை எழுதவே முடியாது.

கூட்டுப்பெயர் காலை வாரும் இடம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்தும் ஒன்று போலத் தெரியும், கொடியில்கூட ஒரே சிலுவை. கிட்டே போனால் யூரோ நாணயம் பின்லாந்தில் மட்டும். நார்வே மக்கள் 1972, 1994 இரண்டு வாக்கெடுப்பிலும் ஐரோப்பிய ஒன்றியம் வேண்டாம் என்றார்கள். நேட்டோவில் டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து 1949இலிருந்து இருக்க, பின்லாந்து 2023இலும் ஸ்வீடன் 2024இலும்தான் சேர்ந்தன.

அமெரிக்க அரசியலில் 'ஸ்காண்டிநேவியன் மாடல்' என்று அடிக்கடி அடிபடுவதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2015இல் அதிபர் வேட்பாளர் போட்டியில் பெர்னி சாண்டர்ஸ் டென்மார்க், ஸ்வீடன், நார்வேயைப் பார்த்து அமெரிக்கா கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அதே ஆண்டு டென்மார்க் பிரதமர் லார்ஸ் லொக்கே ராஸ்முசன் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசும்போது, டென்மார்க் சோஷலிசத் திட்டமிட்ட பொருளாதாரம் அல்ல, அது ஒரு சந்தைப் பொருளாதாரம் என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அமெரிக்க விவாதத்தில் 'ஸ்காண்டிநேவியா' என்பது பல நேரம் ஓர் இடமே அல்ல. பேசுபவருக்குப் பிடித்ததற்கோ பிடிக்காததற்கோ வைத்த பெயர். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பயன்பாடுகளிலேயே நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான்.

பிரிட்டனில் இதைச் சுருக்கி 'ஸ்காண்டி' ஆக்கிவிட்டார்கள். டேனிஷ் துப்பறியும் தொடர்கள் 2011 வாக்கில் பிபிசியில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தச் சுருக்கம் எங்கும் ஒட்டிக்கொண்டது. வெள்ளைச் சுவர், வெளிர்மர மேசை, மெழுகுவத்தி என்றால் 'ஸ்காண்டி' என்று வீட்டு விற்பனை விளம்பரங்களில்கூடப் போடுகிறார்கள். இங்கே நாட்டு எல்லையைத் தேடுவது வீண் வேலை.

மாறவே மாறாத சில பயன்பாடுகளும் உண்டு. 1879இல் ஸ்வீடன் வேதியியலாளர் லார்ஸ் பிரெட்ரிக் நில்சன் கண்டுபிடித்த தனிமத்துக்கு ஸ்காண்டியம் என்று பெயர். சதுரங்கத்தில் வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தவுடன் கருப்பு தன் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி அதைத் தாக்கும் ஆட்டத்துக்கு ஸ்காண்டிநேவியத் தடுப்பாட்டம் என்று பெயர். இவற்றில் எல்லாம் யாரும் 'நார்டிக் என்று மாற்று' என்று வரமாட்டார்கள்.

பின்லாந்துக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்றும் கேட்டால், ஒரே பதில் கிடைக்காது. ஸ்வீடிஷ் பேசும் குடும்பத்தவர் சிலருக்கு ஸ்காண்டிநேவியன் என்றால் சந்தோஷம். சிலருக்கு எரிச்சல். வெளிநாட்டில் நாளுக்கு நாள் விளக்கிச் சலித்துப்போய் 'ஆமாம்' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு மொழியாலும் வம்சத்தாலும் உறவு உண்டு என்பதால் அவ்வளவு உறுத்தாது. எஸ்தோனியா வேறு மாதிரி. 1999இல் அதன் வெளியுறவு அமைச்சராக இருந்த டூமாஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ் ஸ்டாக்ஹோமில் பேசும்போது எஸ்தோனியாவை ஒரு நார்டிக் நாடாக முன்வைத்தார். கேட்டது 'நார்டிக்' என்ற இடத்தைத்தான், 'ஸ்காண்டிநேவியா'வை அல்ல. எந்தக் கதவு அகலம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்த வாக்கியத்துக்கு வருவோம். 'பின்லாந்து போன்ற ஸ்காண்டிநேவிய நாடுகளின் பள்ளிக்கூடங்கள்'. பொதுவாக நான்கைந்து நாடுகளைப் பற்றிப் பேசும்போது பின்லாந்தும் உள்ளே வந்துவிட்டால் ஆங்கிலத்தில் அது மன்னிக்கக்கூடியது. ஆனால் இங்கே பின்லாந்துதான் உதாரணமே. பட்டியலில் இடம் உண்டா இல்லையா என்று தகராறு இருக்கிற ஒரே பெரிய நாட்டை முதல் உதாரணமாக நிறுத்தினால், படிப்பவர் கவனம் பள்ளிக்கூடத்தை விட்டு வரைபடத்துக்குப் போய்விடும். அதனால் திருத்தம் தேவைதான்.

ஆனால் 'நார்டிக்' என்று மாற்றினால் மட்டும் வாக்கியம் சரியாகிவிடாது. பின்லாந்துப் பள்ளிகளின் புகழ், 2000இல் நடந்து அடுத்த ஆண்டு முடிவு வெளிவந்த பிசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வில் வாசிப்பில் அந்த நாடு முதலிடம் பிடித்ததிலிருந்து தொடங்கியது. அதே தேர்வில் டென்மார்க்கும் நார்வேயும் சராசரியை ஒட்டித்தான் நின்றன. ஸ்வீடன் 2012இல் சராசரிக்கும் கீழே போனது. ஸ்வீடனில் 1990களின் தொடக்கத்திலிருந்து பொதுப்பணத்தில் தனியார் பள்ளிகள் நடத்தலாம், லாபமும் எடுக்கலாம். பின்லாந்தில் அடிப்படைக் கல்வியில் லாப நோக்கத்துக்கு இடமில்லை. இந்த இரண்டு நாடுகளையும் ஒரே பெயரடைக்குள் போட்டு 'இவர்கள் பள்ளிகள் இப்படி' என்று எழுதினால், ஸ்காண்டிநேவியன் என்றாலும் தப்பு, நார்டிக் என்றாலும் தப்பு. கட்டுரை பின்லாந்தைப் பற்றியது என்றால் 'பின்லாந்தின் பள்ளிக்கூடங்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.